தலைப்பாகை கட்டிய மூங்கில்கள்

ரேணுகாம்பாளின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால், அந்தத் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. கல்யாணமாகி வந்து, பெற்ற மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இன்னும் யாராவது எதிரே வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போய்விடுவாள். காய்கறி வண்டி வந்தால் கத்தரிக்காயைத் தொட்டுக் காட்டுவாள், விரலைக் காட்டுவாள். வண்டிக்காரன் நிறுத்துப் போட்டுவிட்டு, "ஆயிரம் பேருகிட்ட கத்தறேன், உன்கிட்ட வந்தாதான்மா என் தொண்டைக்கு லீவு" என்பான். அதற்கும் அந்தச் சிரிப்புதான்.

பக்கத்து வீட்டுச் சிட்டிபாபு அப்படியே நேர்மாறு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ், இரண்டிலும் நிறுத்துவதற்கு இடம் தெரியாத மனிதர். "கலியாணசுந்தரம், உன் வீட்டம்மாவுக்குப் பேசற கோட்டாவையும் சேத்து நீயே வாங்கிக்கினு வந்துட்டியாப்பா?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்.

கலியாணசுந்தரம் சிரிப்பார். அவருக்குத் தெரியும், மனைவிக்கு வாய்க்குப் பதிலாகக் கண் இருக்கிறது என்று.

கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. உடலுக்குக் குறுக்கே நூல் ஓட்ட ஒரு நாடா, கரைக்கு வேறொரு நாடா. கலியாணசுந்தரம் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிப்பார். அவருக்கு வலது பக்கம், ஜன்னலை ஒட்டி, ரேணுகாம்பாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிடுவாள். அவர் பேசிக்கொண்டே நெய்வார், அவள் பார்த்துக்கொண்டே நெய்வாள். நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால், அவர் நாடாவை நிறுத்துவதற்குள் அவள் விரல் அங்கே போயிருக்கும். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாடாவுக்குத் தார் நூல் சுற்ற உட்கார்ந்த நாளிலிருந்து பழகிய கண் அது. வேலை இல்லாத நேரத்திலும் சும்மா இருக்காது. ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கும். யார் வீட்டு நாய் யார் வீட்டுச் செருப்பைத் தூக்கிப் போகிறது, பால்காரர் இன்றைக்கு யாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. மகள் கலைவாணிக்கு ஏழாம் மாதம். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ரேணுகாம்பாள் மூன்று நாளாகப் பழைய காட்டன் புடவைகளைத் துவைத்து, கிழித்து, மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், பேரப்பிள்ளைக்குத் துணியாகும் என்று. அப்போதுதான் சம்பந்தி வடிவாம்பாளிடமிருந்து போன் வந்தது.

கலியாணசுந்தரம் குழியில் கால் விட்டபடியே ஸ்பீக்கரைப் போட்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. வளையல் போடுங்க, கட்டுசாதம் கட்டிக்கினு வாங்க, ஊரையே கூட்டிக்கினு வாங்க. ஆனா பொண்ண அழைச்சிக்கினு போற பேச்சு மட்டும் இப்ப வேணாம். உங்க தெருவுல கொசு தூக்கிக்கினு போவுதாமே? ரெண்டு வூட்டுல டெங்கு காய்ச்சலாமே?"

"ஐயோ சம்பந்திமா, அதெல்லாம் எப்பவோ சரியாப் போச்சு. இப்ப கொசுவே கிடையாது" என்றார் கலியாணசுந்தரம். சொன்ன கையோடு கெண்டைக்காலில் பளாரென்று ஓர் அடி போட்டுக்கொண்டார்.

"அது இன்னா சத்தம்?"

"தறி சத்தம்மா."

"நானும் தறி வூட்டுல பொறந்தவதான் சம்பந்தி. தறி எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா? அது கொசு அடிச்ச சத்தம்."

ரேணுகாம்பாளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வடிவாம்பாள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. போன வருஷம் மருமகன் உதயகுமார் டெங்குவில் படுத்தபோது, ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனவள் ரேணுகாம்பாள்தான். மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, நர்ஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்று "தட்டணு ஏறிச்சாம்மா, தட்டணு ஏறிச்சாம்மா" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து வடிவாம்பாள் கொசு அடிக்கிற மின்சார மட்டை இல்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பைக்குள் வெற்றிலைப் பெட்டியோடு அதுவும் இருக்கும்.

"வளைகாப்புக்கு மொத நாள் நானே வர்றேன்" என்று முடித்தாள் வடிவாம்பாள். "காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் உங்க வூட்டுல உக்காந்து பாக்கறேன். என்னை ஒரு கொசு கடிக்கலைன்னா பொண்ண நானே ஆரத்தி எடுத்து அனுப்பறேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கலைவாணி அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். ரகசியமாகப் பேசினாள். "மா, இவங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா எனக்கு நம்ம வூட்டுக்கு வரணும்மா. தறி சத்தம் கேக்காம தூக்கமே வர மாட்டேங்குது. நீ எதுனா பண்ணுமா."

ரேணுகாம்பாள் "ம்" என்றாள்.

அம்மாவின் "ம்" மகளுக்குத் தெரியும். "சரி, வெச்சிடறேன்" என்று நிம்மதியாக வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆரம்பித்தது யுத்தம். தோட்டத்தில் கிடந்த தேங்காய் ஓடு, உடைந்த பக்கெட், பூனைக்குப் பால் வைக்கிற கொட்டாங்கச்சி, மாடியில் எப்போதோ போட்டு மறந்த பெயின்ட் டப்பா, எல்லாம் குப்பை வண்டிக்குப் போனது. ஆட்டுக்கல் குழியைத் துடைத்தாள். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னால் இருக்கும் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினாள். பித்தளை உருளியில் பூ மிதக்கவிடுவது வீட்டின் அழகு. அதைக் கவிழ்த்துப் பரணில் ஏற்றினாள். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஊற்றெடுக்கும். அதைக் கலியாணசுந்தரம் தினமும் காலையில் முகந்து கொட்டுவார். இனி முகந்தால் மட்டும் போதாது என்று துணியைக் கையில் கொடுத்துத் துடைக்கவும் வைத்தாள். "ஏன்டி, குழிக்குக் கோலமும் போட்டுடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே துடைத்தார் அவர்.

கொசு ஒழிப்பு வேலைக்கு அந்தத் தெருவுக்கு வருகிறவள் தேவகி. திருப்பருத்திக்குன்றத்துக்காரி, அங்கே கொஞ்சம் நிலமும் இரண்டு ஆடும் உண்டு. கையில் டார்ச், தோளில் பை, வாயில் ஓயாத பேச்சு. அந்த வாரம் வந்தவள் வீடு முழுக்க டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ரேணுக்கா, உன் வூட்டுல எனக்கு வேலையே இல்லக்கா. எல்லாரும் இப்படி இருந்தா நான் ஆடு மேய்க்கத்தான் போவணும்." பிறகு ஜன்னலில் கண்ணாடிப் பாட்டிலில் இருந்த மணிபிளான்டைப் பார்த்தாள். "ஆங், இதுல இருக்குது பாரு."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். வேருக்கு நடுவே மயிரிழை மாதிரி நான்கைந்து புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அசைந்ததும் துள்ளிக் கீழே இறங்கின. "நல்ல தண்ணிதான் இதுக்குப் பிடிக்கும். சாக்கடைல கீறதெல்லாம் வேற ஜாதி. இது ஒரு வாரத்துல றெக்கை முளைச்சிப் பறந்துடும், பகல்லயே கடிக்கும். தண்ணியக் கொட்டிட்டு ஈரமணல்ல வை. செடியும் பொழைக்கும், இதுவும் பொறக்காது."

ரேணுகாம்பாள் அப்போதே கொட்டிவிட்டு மணலில் நட்டாள்.

அப்படியும் கொசு குறையவில்லை. காலை டிபன் முடிந்து தறியில் உட்கார்ந்ததும் வரும். காலில் வெள்ளை வளையம் போட்ட கொசு, குழிக்குள் இருட்டில் கலியாணசுந்தரத்தின் கெண்டைக்காலைத் தேடிப் பிடிக்கும். அவர் உதறுவார், மிதி தப்பும், கரையில் ஓர் இழை பிசகும். அவள் பிரித்துச் சரிசெய்வாள். கொசுவத்தி ஏற்றவும் முடியாது, சாம்பல் பட்டில் விழும். ஸ்பிரே அடிக்கவும் முடியாது, கறை பிடிக்கும். தெருவில் புகை அடிக்கிற வண்டியின் சத்தம் கேட்டால் நெசவு வீடுகளெல்லாம் பட்டென்று கதவைச் சாத்திக்கொள்ளும். முகூர்த்தப் புடவையில் டீசல் வாசனை வந்தால் எந்தப் பெண் கட்டுவாள்?

வடிவாம்பாள் வரும் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. எங்கோ இருக்கிறது, கிட்டத்தில் எங்கோதான் இருக்கிறது என்று ரேணுகாம்பாளுக்குத் தோன்றியது. அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்தே தேட ஆரம்பித்தாள்.

ஜன்னலுக்கு நேரே, தெருமுனையில், பிள்ளையார் கோயில் சுவரில் பாவு மூங்கில்கள் சாத்தியிருந்தன. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்துச் சரிபார்ப்பார்கள். பாவு தரையில் படாமல் தாங்குவதற்கு இடையிடையே நிறுத்துகிற மூங்கில்கள் அவை. நெஞ்சுயரம் இருக்கும். உச்சியில் குறுக்குக் கழியைச் செருகுவதற்காகக் கணுவுக்கு மேலே ஒரு சாண் விட்டு, வாய் திறந்தாற்போல அறுத்திருக்கும். தெரு மொத்தத்துக்கும் பொது. ஆயுத பூஜை அன்று அவற்றைக் கழுவி, தலைப்பக்கம் மஞ்சள் குங்குமம் வைத்து, குறுக்குக் கழிகளைக் கோயிலுக்குள் பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டு, மூங்கில்களை நிமிர்த்திச் சாத்திவிடுவார்கள். மழைக்காலம் முடிந்து, தை பிறந்து முதல் பாவு போடும்போதுதான் எடுப்பார்கள். அதுவரை யாரும் தொடுவதில்லை. அதை நின்று நடத்துகிறவர் கலியாணசுந்தரம்தான்.

அந்த மூங்கிலில் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் பார்த்தபோது, வெயில் காய்கிறது என்று நினைத்தாள். மறுநாள் வெயிலே இல்லை, அப்போதும் அதே மூங்கிலில் அதே இடத்தில் இருந்தது. மூன்றாம் நாள் தூறலிலும் அசையவில்லை. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மூங்கில் வாயைப் பார்த்துக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அவ்வப்போது நாக்கை நீட்டும், விழுங்கும், தலையை ஆட்டும். தெருவில் மற்ற ஓணான்கள் எல்லாம் ஒல்லி. இது மட்டும் கன்னம் உப்பிப் போயிருந்தது.

நாடா அவள் கையிலேயே நின்றது.

"இன்னாடி?" என்றார் கலியாணசுந்தரம்.

அவள் எழுந்து போனாள். மூலைக் கடையில் இளநீருக்குக் கொடுக்கிற உறிஞ்சு குழல் ஒன்றை எடுத்துக்கொண்டு, சமையலறையிலிருந்து ஒரு வெள்ளைக் கிண்ணியையும் எடுத்துக்கொண்டு நேரே பிள்ளையார் கோயில் சுவருக்குப் போனாள். ஓணான் அவளை ஒரு முறை முறைத்துவிட்டுச் சுவரில் ஏறிக்கொண்டது. அவள் குழலை மூங்கில் வாய்க்குள் விட்டு, மேல் முனையை விரலால் அடைத்துத் தூக்கி, கிண்ணியில் விட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை.

கிண்ணிக்குள் திருவிழாக் கூட்டம் மாதிரி புழுக்கள் துள்ளின.

ரேணுகாம்பாள் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ள மறந்து, தெருவில் நின்றுகொண்டு, சத்தமாகச் சிரித்தாள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிட்டிபாபு பேப்பரைக் கீழே இறக்கி, "யாருப்பா அது?" என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

கலியாணசுந்தரம் வந்து கிண்ணியைப் பார்த்தார். மூங்கில்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர் கழுத்துவரை நின்றது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது.

"நானே மஞ்சள் குங்குமம் வெச்சி, நானே வாயத் தொறந்து நிக்க வெச்சி, நானே வளத்திருக்கேன்" என்றார்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நெசவு வேலை நின்றால் தெருவில் கூட்டத்துக்குக் குறைவேது.

"கவுத்து வெச்சிடுப்பா, வேலை முடிஞ்சிது" என்றார் சிட்டிபாபு.

"கவுத்தா பொட்டு தரையில படும்யா. சாமி பொட்ட மண்ணுல வெக்கச் சொல்றியா?"

"அப்ப படுக்க வெச்சிடு."

"வரிசையா மூங்கில் படுத்திருந்தா பாக்கறதுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சிப் பேசு. எம் பொண்ணுக்கு வளைகாப்பு வருது, வாய வெச்சிக்கினு சும்மா இரு."

சிட்டிபாபு யோசித்தார். பாடைக்கு அடுக்கிய மாதிரி இருக்கும் என்று தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உள்ள எடுத்துப் போட்டுடலாமா?"

"தை பொறக்காம எடத்த விட்டு அசைக்கக் கூடாதுப்பா, எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"குறுக்குக் கழியவாவது செருகி வாய அடைச்சிடேன்."

"அதுதான் பிள்ளையார் காலடில கீதே. அவரு காலடிலேர்ந்து பிடுங்கிக்கினு வரச் சொல்றியா?"

அந்தப் பக்கமாக வந்த தேவகியும் சேர்ந்துகொண்டாள். கிண்ணியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "எத்தினி வாட்டி இந்தச் சுவத்தோரமா போயிருப்பேன்! டயரைப் பாத்தேன், டப்பாவப் பாத்தேன், சாமி பொட்டு வெச்சதப் பாத்ததும் கன்னத்துல போட்டுக்கினு போயிட்டனே. மருந்து ஊத்தறேன்பா. ஆனா பேய்மழைல ரொம்பி வழிஞ்சா மருந்தும் வழிஞ்சிடும், திரும்பத் திரும்ப ஊத்திக்கினே இருக்கணும்."

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தூறல் பலத்தது. யாரும் நகரவில்லை. ரேணுகாம்பாள் கூட்டத்துக்குப் பின்னால் கிண்ணியோடு நின்றாள். அவள் கண் சிட்டிபாபு வீட்டு வாசலுக்குப் போயிருந்தது. மாடி கட்டுகிறார், வாசலில் மணல் குவித்திருக்கிறது. சொல்லலாமா என்று நினைத்தாள். கணவர் காதில் போய்ச் சொல்லலாம் என்றால், அவர் கூட்டத்துக்கு நடுவில் கத்திக்கொண்டிருந்தார். தறி சத்தம் கேக்காம தூக்கமே வர மாட்டேங்குதும்மா என்று மகள் சொன்னது நினைவுக்கு வந்தது.

"மணல்" என்றாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் சொல்லிவிட்டாள். "மணலப் போட்டு ரொப்பிடலாம். நிக்கறது நிக்கும். பொட்டும் அப்படியே இருக்கும். தண்ணி நிக்க எடமே இருக்காது. தை பொறந்ததும் மணலத் தட்டிட்டுக் கழி செருகிக்கலாம்."

கண்ணைத் திறந்தபோது சிட்டிபாபு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "அடேங்கப்பா! கலியாணசுந்தரம், உன் வீட்டம்மா ஒரு வருஷத்துப் பேச்சு பேசிட்டாங்கப்பா. இன்னும் ஏதானா பாக்கி இருக்குதாமா?"

"உங்க வூட்டு மணல்தான் வேணும்" என்றாள் ரேணுகாம்பாள்.

தெருவே சிரித்தது. சிட்டிபாபுவும் சிரித்தார். "தீஸ்கோமா, தீஸ்கோ, எல்லாத்தையும் எடுத்துக்கோ" என்று அவசரத்தில் வீட்டுத் தெலுங்கைத் தெருவில் கொட்டிவிட்டார்.

அன்று சாயந்தரம் அந்தத் தெரு இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூங்கிலிலும் இருந்த தண்ணீரைத் துணி விட்டு ஒற்றி எடுத்தார்கள். முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், உள்பக்கம் நன்றாகத் தேய்த்து எடுங்கள் என்று தேவகி தலைமேல் நின்று விரட்டினாள். பெண்கள் முறத்தில் மணலைச் சலித்துக் கொடுத்தார்கள். ஆண்கள் பேப்பரைப் புனலாகச் சுருட்டி ரொப்பினார்கள். பொட்டு அழிந்துவிடப் போகிறதே என்று கலியாணசுந்தரம் ஒவ்வொரு மூங்கிலையும் குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி தாடையைப் பிடித்து நிறுத்தி ரொப்பினார். ஓணான் சுவர்மேல் இருந்து பார்த்தது. சாப்பாட்டுக் கடையை மூடுகிறார்கள் என்று புரிந்துவிட்டதோ என்னவோ, தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுப் பூவரச மரத்துக்குப் போய்விட்டது.

அடிக்கிற மழையில் மணல் அரித்துக்கொண்டு போனால்? அதற்கும் ரேணுகாம்பாள் வழி வைத்திருந்தாள். பேரப்பிள்ளைக்கு என்று கிழித்து வைத்த காட்டன் துணியில் கொஞ்சத்தை எடுத்துவந்து, ஒவ்வொரு மூங்கில் தலையிலும் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள். நெற்றியில் குங்குமம், தலையில் பாகை.

"ஒரே முகூர்த்தத்துல இத்தினி மாப்பிள்ளையா!" என்றாள் தேவகி. "பொண்ணுக்கு எங்க போறது?"

அப்புறமும் நாலைந்து நாள் கொசு இருந்தது. ஏற்கெனவே பறந்துவிட்டது அதன் ஆயுசு வரைக்கும் பறக்கத்தானே செய்யும். ரேணுகாம்பாள் பகலெல்லாம் ஜன்னலில் வலை அடித்துச் சாத்திவைத்தாள், கணவருக்கு, மருமகன் எப்போதோ விட்டுப்போன கால்பந்து காலுறை ஜோடியைத் தேடிப்பிடித்து மாட்டிவிட்டாள். முழங்கால் வரை மஞ்சள் காலுறை போட்டுக்கொண்டு பட்டு நெய்தார் கலியாணசுந்தரம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கோல் எத்தனை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் காலில் அடித்துக்கொள்கிற சத்தத்தை அவள் எண்ணாமல் எண்ணிக்கொண்டு வந்தாள். குறைந்தது. பிறகு எப்போதாவது கேட்டது. ஒருநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை தறி சத்தம் மட்டும்தான் கேட்டது.

சொன்ன நாளில் வடிவாம்பாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். "இன்னா சம்பந்தி, மூங்கிலுக்கெல்லாம் தலைப்பாகை கட்டி வெச்சிருக்கறீங்க?"

"உங்கள வரவேக்கத்தாம்மா" என்றார் சிட்டிபாபு வாசலிலிருந்து.

அவள் அதற்கெல்லாம் மயங்குகிறவள் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் சோதனையை ஆரம்பித்தாள். தொட்டி மூடியைத் தூக்கினாள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கை விட்டாள், மணிபிளான்ட் மணலைக் கிள்ளிப் பார்த்தாள். தறிக்குழிக்குள் குனிந்து டார்ச் அடித்தாள். குழி துடைத்த தட்டு மாதிரி இருந்தது. பிறகு பையிலிருந்து மட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தறிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள்.

அவர்கள் நெய்ய ஆரம்பித்தார்கள். ரேணுகாம்பாளின் நாடா ஒரு பக்கம் போனது, கண் வடிவாம்பாளின் பாதத்தின் மேலேயே இருந்தது. ஒன்று வந்தால் போச்சு. ஒரே ஒன்று. தெருவில் ஆயிரம் வழி இருக்கிறது அது வருவதற்கு.

வெளியே மழை பிடித்தது. தறி தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. காற்று குளிர்ந்தது. கரையில் ஒரு வரிசை மயில் முடிந்து அடுத்த வரிசை ஆரம்பித்தது. திடீரென்று டொக்கென்று ஒரு சத்தம். ரேணுகாம்பாள் பதறித் திரும்பினாள்.

மட்டை தரையில் கிடந்தது. வடிவாம்பாள் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். நன்றாக, குறட்டையோடு. புடவை விளிம்புக்குக் கீழே இரண்டு பாதமும் திறந்து கிடந்தன. அவற்றில் எதுவும் உட்காரவில்லை.

கலியாணசுந்தரம் தறியை நிறுத்தப்போனார். ரேணுகாம்பாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சத்தம் நின்றால்தான் தறி வீட்டில் பிறந்தவளுக்கு விழிப்பு வரும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வடிவாம்பாள் கண் விழித்தாள். விழித்ததும் வெட்கத்தோடு கையை, காலை, கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "போன வருஷம் புள்ள படுத்ததுலேர்ந்து நான் பகல்ல கண்ணு அசந்ததே இல்ல சம்பந்திமா" என்றாள். கீழே கிடந்த மட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "இன்னா சாம்பார்?"

"முருங்கக்கா" என்றாள் ரேணுகாம்பாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "பொண்ணோட நீங்களும் வந்து இருங்களேன். தூங்கலாம்."

மறுநாள் வளைகாப்பில், இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க, கலைவாணி தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். சொன்ன சொல் தவறாமல் வடிவாம்பாளே ஆரத்தி எடுத்தாள். வண்டியில் மருமகளுக்குப் பக்கத்தில் அவளும் ஏறிக்கொண்டாள், மட்டையோடு.

தை பிறந்த நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த வாரம் தெருவில் முதல் பாவு போட நாள் பார்த்தார்கள். பிள்ளையார் காலடியிலிருந்து குறுக்குக் கழிகள் வந்தன. ஆண்கள் மூங்கில்களின் தலைப்பாகையை அவிழ்த்து, மணலைத் தட்டிச் சிட்டிபாபு வாசலிலேயே திரும்பக் கொட்டினார்கள். "எண்ணி வெச்சிருக்கேன்பா, ஒரு மணல் குறையக் கூடாது" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரம் பதிலுக்குக் கத்தினார். பாவை இழுக்கிறவர்கள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கத்தினார்கள். பூவரச மரத்தில் ஓணான், பழையபடி ஒல்லியாகி, தலையை ஆட்டியது.

உள்ளே கொசுவலைக் குடைக்குள் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. பக்கத்தில் வடிவாம்பாள் மட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டாள்.

ரேணுகாம்பாள் வாசலுக்கு வந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கையைக் காட்டினாள். யாரும் திரும்பவில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, தெரு மொத்தமும் அதிர, ஒரு குரல் கொடுத்தாள்:

"கத்தாதீங்கப்பா! கொழந்த தூங்குது!"

தெரு கப்சிப் என்று ஆனது. இழுத்த பாவு இழுத்தபடி நின்றது. சிட்டிபாபுகூட வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது.